ரெண்டு கண்டென்சர்

"அண்ணன் இடுப்புல கெடக்கிற சாவிய வாங்கி என்கிட்டக் குடுங்கப்பா. இனிமே அவன் அந்தப் பெட்டியத் தொடக் கூடாது."

அடைக்கலசாமி அவித்த மரச்சீனிக் கிழங்கைச் சூரைக் குழம்பில் முக்கி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கை அந்தரத்தில் நின்றது. குழம்பு சொட்டி லுங்கியில் விழுந்தது. அடுப்படியிலிருந்து இஞ்ஞாசியம்மாள் அகப்பையும் கையுமாக வந்து நின்று மகளைப் பார்த்தாள். வாயைப் பொத்தி இவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்ற தவிப்பு அந்தப் பார்வையில் இருந்தது.

லூசிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா சொல்லிவருவது ஒன்றுதான். எதை வேண்டுமானாலும் கேள். படிப்பு கேட்டாய், தந்தோம். மெட்ராஸ் போய் பி.எஸ்ஸி. படிக்கக் கப்பல் கேட்டாய், ஏற்றிவிட்டோம். அண்ணன் கையில் இருப்பதை மட்டும் கேட்காதே.

"காலங்காத்தால என்னட்டி பேச்சு இது?" என்றார் அடைக்கலசாமி. "இன்னைக்குக் கொடியேத்தம். ஊரே மாதா கோயில்ல நிக்கும். இன்னைக்குப் போயி..."

"இன்னைக்குங்கிறதாலதான் கேக்கேன். ராத்திரி அந்தப் பெட்டி ஓடுனா ஸ்பீக்கர் குழாய் நாலும் கருகும். பெரார்கஞ்ச் கல்யாணத்துல ரெண்டு போச்சு. மிச்சம் நாலுதான். எரிஞ்சா மாத்துறதுக்கு இங்க ஒண்ணும் கெடையாது, மெட்ராஸ் கப்பல் வரணும்."

"சும்மா கெட ஏட்டி" என்றாள் அம்மா.

"சும்மா கெடந்துதானம்மா பெரார்கஞ்ச்ல எரிஞ்சுது."

போர்ட் பிளேரின் ஹாடோ மேட்டில் அந்த மரப்பலகை வீட்டின் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாத மழை. சுவரில் அடித்திருந்த ஆணிகூட துருப்பிடித்துச் செம்பழுப்பாக வழிந்தது. வாசல் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகையில், 'செபஸ்தியான் சவுண்ட் சர்வீஸ்' என்று நீலத்தில் எழுதியிருந்தது. மரைன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அடைக்கலசாமி, மெட்ரிக்கில் இரண்டு முறை கவிழ்ந்த மகனுக்காக உண்டாக்கிய தொழில் அது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொண்டுவந்த குழாய்களை வங்காளிக் கல்யாணம், தெலுங்கர் திருவிழா, மாப்பிளா முஸ்லிம் வீட்டு விசேஷம் என்று எங்கே கூப்பிட்டாலும் தென்னைமரத்தில் ஏறிக் கட்டிவிட்டு வருவான் செபஸ்தியான். மரம் ஏறுவதில் அவனை அடிக்க இந்தத் தீவில் ஆள் இல்லை. அதை லூசியும் மறுத்ததில்லை.

வம்பு வந்தது இசைத்தட்டுப் பெட்டியால்.

கப்பல் ஒன்றின் ரேடியோ ஆபீசர் ஊரைவிட்டுப் போகும்போது தன் டர்ன்டேபிளை அடைக்கலசாமியிடம் விட்டுப் போனார். நல்ல சாமான். ஆனால் அதன் ஊசித்தலை காந்த வகை. அது தரும் மின்சாரம் கொசு முனகல் அளவுதான். நேரே ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் குழாயில் காற்றுகூட வராது. நடுவில் அதைப் பெருக்கிக் கொடுக்க ஒரு ப்ரீயாம்ப் வேண்டும். வெறுமனே பெருக்கினாலும் போதாது. இசைத்தட்டில் கீச்சுச் சத்தத்தை மிகையாகவும் தடிச் சத்தத்தைக் குறைவாகவும்தான் வெட்டியிருப்பார்கள். ப்ரீயாம்ப் அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்ய வேண்டும்.

"நான் செஞ்சு தாறேன்" என்றாள் லூசி. காலேஜ் முடித்து வந்த முதல் மாதம் அது. மெட்ராஸ் ரேடியோ கடையில் வாங்கிய 741 என்ற ஐ.சி., சின்ன மின்சாரத்தைப் பெருக்கும் சில்லு ஒன்று, அவளிடம் இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு தகர டப்பி, அதற்கு எட்டுக் கால். செபஸ்தியான் அதைப் பார்த்த அன்றைக்கே எட்டுக்கால் பூச்சி என்று பெயர் வைத்துவிட்டான். 741 சாதுவான பூச்சி. அடங்கி இருப்பதற்கு வேண்டியது எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். ஆனால் அது ஒரு இடி நாளில் செத்துப்போனது. பழுதாகிக் கழித்த கப்பல் கருவியிலிருந்து அப்பா கழற்றி வந்த சாமான்களில் நாலைந்து 709 இருந்தன, 741-க்கு மூத்த வகை. வேறு வழியில்லை, அதையே எடுத்தாள்.

709 அடங்காத ஜாதி. அதற்கு வெளியிலிருந்து இரண்டு கண்டென்சர் போட்டுக் கட்ட வேண்டும். எத்தனை மடங்கு பெருக்குகிறோமோ அதற்கேற்ற அளவு கண்டென்சர். நூறு மடங்குக்குத்தானே கேட்கிறோம் என்று லூசி முதலில் சின்னதாகப் போட்டாள். பாட்டு நன்றாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டு நமிதாதி வேலியைத் தாண்டிக் கத்தினாள்: "ஏ லூசி! தும்ஹாரா மெஷின் சல்தா ஹை தோ மேரா ரேடியோ சீட்டி மார்தா ஹை! க்யா பனாயா ரே?"

இங்கே மெஷின் ஓடினால் அங்கே ரேடியோ விசிலடிக்கிறது. லூசி அன்று முழுக்க யோசித்தாள். பிடிபட்டபோது தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். கீச்சுச் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, மேலே போகப்போகப் பெருக்கம் நூறிலிருந்து இறங்கி ஒன்றுக்கு வந்துவிடுகிறது. இந்தப் பூச்சிக்கு அதுதான் ஆகாது. பெருக்கச் சொன்னால் அடங்கி வேலை செய்யும். ஒன்றும் பெருக்காமல் சும்மா இரு என்றால்தான் துள்ளும், யார் காதுக்கும் எட்டாத உயரத்தில் நின்று ஓயாமல் கத்தும். அந்தக் கத்தலைத்தான் நமிதாதியின் ரேடியோ பிடித்தது. லூசி பெரிய கண்டென்சர்களாக மாற்றினாள். விசில் நின்றது. சாமானைப் பலகைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். மூடிய பெட்டிக்குப் பூட்டு வாங்கிப் போட்டது செபஸ்தியான். சாவி அவன் அரைஞாணில் ஏறிவிட்டது.

இது நடந்து பல மாதமாகிறது. நேற்றுச் சாயங்காலம் செபஸ்தியான் திருவிழாவுக்காக மாதா பாட்டு இசைத்தட்டைப் போட்டுப் பார்த்தபோது, நமிதாதி மறுபடியும் வேலியில் வந்து நின்றாள்.

"ஃபிர் சே சீட்டி, லூசி!"

லூசிக்குப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே என்ன நடந்திருக்கிறது, பெரார்கஞ்சில் ஏன் எரிந்தது, எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

செபஸ்தியான் மழையில் நனைந்த கோழிபோல உள்ளே வந்தான். தோளில் கயிற்றுச் சுருள். விடியற்காலையிலேயே கோயில் தென்னைகளில் குழாய் கட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுபோக வந்திருந்தான்.

"அண்ணே, நீ பெட்டிக்குள்ள என்ன செஞ்ச?" என்றாள் லூசி.

"ஆரம்பிச்சுட்டியா? அப்பா, இவள என்னன்னு கேளுங்க."

"ரெண்டு கண்டென்சரப் பிடுங்குனியா இல்லியா?"

செபஸ்தியான் பொய் சொல்லத் தெரியாதவன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஆமா, பிடுங்குனேன்" என்றான். "பாட்டு என்னமோ போர்வைக்குள்ள இருந்து பாடுத மாதிரி இருந்துச்சு. அத எடுத்த பொறவுதான் ஜிலுஜிலுன்னு வந்துச்சு. கேட்டவன்லாம் க்யா ஆவாஸ் ஹைன்னு மெச்சுதான். நீ காலேஜ்ல படிச்ச. நான் தென்னமரத்துல படிச்சவன். எது நல்லா கேக்கும்னு எங்காதுக்குத் தெரியும்."

"உங்காதுக்குக் கேக்காத சத்தம்தான் எரிக்குது."

"கேக்காத சத்தமா? கேக்காட்டி அது என்னட்டி சத்தம்?" செபஸ்தியான் சிரித்துவிட்டான். அப்பாவும் சிரித்தார். சிரிப்பில்லாமல் நின்ற அம்மாகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பெரார்கஞ்ச் கல்யாணத்துல மாப்பிள்ளய மண்ணெண்ண டின்னத் தட்டித்தான் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அது சிரிப்பா இல்லியா?"

செபஸ்தியானின் முகம் செத்தது. அன்று பாட்டு உச்சத்தில் இருக்கும்போது ஆம்ப்ளிஃபயரிலிருந்து கருகல் வாடை கிளம்பி, பவர் டிரான்சிஸ்டர் இரண்டும் வெந்து, அவற்றோடு இரண்டு குழாய்களின் கம்பிச் சுருளும் போனது. பெண் வீட்டார் செய்த கேலியை அவன் வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. அந்த ராத்திரி அவன் சாப்பிடவும் இல்லை. மெட்ராஸ் கப்பலில் புது டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் ஆம்ப்ளிஃபயர் மறுபடி ஓடியது.

"அது கரண்டு ஏறி எரிஞ்சுது" என்றான் மெதுவாக. "ஜெனரேட்டர்காரன் பண்ணுன வேல. இன்னா, கேட்டுக்கோங்க" என்று சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, இசைத்தட்டைச் சுழலவிட்டு, ஆம்ப்ளிஃபயர் வழியாக வீட்டில் கிடந்த சின்ன ஸ்பீக்கரில் மாட்டினான்.

பாட்டு வந்தது. நன்றாகத்தான் இருந்தது. மேல்சத்தம் தகரத்தில் மழை விழுவதுபோல் பளபளத்தது. பழகாத காதுக்கு அதுதான் தெளிவு. லூசிக்கு மட்டும் அந்தப் பளபளப்பின் ஓரம் மொரமொரவென்று உடைவது கேட்டது.

"நல்லாத்தானட்டி இருக்கு" என்றார் அடைக்கலசாமி.

"கேட்டியா?" செபஸ்தியான் பெட்டியைப் பூட்டிச் சாவியை அப்பாவின் கையில் கொடுத்தான். "நான் ஆம்ப்ளிஃபயரக் கொண்டு போறேன். மழ வெறிச்ச பொறவு நீங்க இதையும் டர்ன்டேபிளையும் நனையாம கொண்டு வந்துருங்கப்பா. ராஜமாணிக்கம் அண்ணாச்சி நேரத்தோட வந்துருவாவ. இவகிட்ட மட்டும் சாவியக் குடுத்துராதீங்க."

அவன் ஆம்ப்ளிஃபயரைத் தார்ப்பாயில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினான். ராஜமாணிக்கம் குட்வில் எஸ்டேட்டில் வீடு கட்டியிருக்கும் காண்ட்ராக்டர். திருவிழாக் கமிட்டியில் முக்கியஸ்தர். தன் மகளைச் செபஸ்தியானுக்குக் கொடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பவர். இந்த வருஷம் மைக் செட் வேலை இந்த வீட்டுக்கு வந்ததே, பையனின் தொழிலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதால்தான்.

அவன் தலை மறைந்ததும் மழையும் குறைந்தது, கரண்டும் போனது. அதற்கென்று காத்திருந்தவள் மாதிரி லூசி வேலிப் பக்கம் போனாள்.

"நமிதாதி, ரேடியோ தோடா தேனா."

தோல் உறை போட்ட அந்த டிரான்சிஸ்டரை நமிதாதி யாருக்கும் கொடுத்ததில்லை. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து இறங்கியபோது கட்டியிருந்த சேலையோடு அது ஒன்றுதான் கையில் இருந்ததாம். லூசியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிராவ் மத்" என்று மட்டும் சொல்லி வேலிக்கு மேலாக நீட்டினாள்.

கீழே போடாதே என்றால் போடுவாளா லூசி? மாதா சொரூபத்தை ஏந்துவதுபோல் ஏந்திக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா. பெட்டியத் தொறங்க. நான் தொட மாட்டேன். நீங்களே தொறங்க."

"எதுக்கு?"

"தொறங்கப்பா. கேக்காத சத்தத்தக் கேக்க வைக்கேன்."

ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் எந்திரத்தோடு கழித்த மனிதர் அவர். எந்திரம் என்றால் வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியாது. திறந்தார். லூசி ரேடியோவில் போர்ட் பிளேர் நிலையத்தை வைத்தாள். யாரோ இந்தியில் விவசாயம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப ப்ரீயாம்ப் சுவிட்சப் போடுங்க. பேட்டரில ஓடுறது, கரண்டு வேண்டாம்."

போட்டார். விவசாயக்காரரின் குரலை மூடிக்கொண்டு கிய்ய்ய்... என்று ஒரு விசில் எழுந்தது. அடைக்கலசாமி கையைப் பின்னால் இழுத்தார். விசில் தணிந்தது. கையைக் கிட்டே கொண்டுபோனார். விசில் ஏறியது. அவர் கையை முன்னும் பின்னும் அசைக்க, அது நாய்க்குட்டி மாதிரி அவர் கைக்கு ஏற்ப ஊளையிட்டது.

"என்னட்டி இது?" அடுப்படி வாசலில் நின்ற அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இதுக்கும் ரேடியோவுக்கும் நடுவுல வயரே கெடையாது பாருங்க. பாட்டும் ஓடல, ஸ்பீக்கரும் மாட்டல. தானா கத்துது. இந்தக் கத்தல ஆம்ப்ளிஃபயர் வாங்கி ராத்திரி பூரா பெருக்கணும். எத்தன நேரம் தாங்கும்? அந்தப் பூச்சி தலையில வெரல வச்சுப் பாருங்க."

வைத்தார். "சுடுது."

"சும்மா இருக்கிற பூச்சி எதுக்குச் சுடணும்?"

லூசி இழுப்பறையிலிருந்து இரண்டு கண்டென்சர்களை எடுத்தாள். நேற்று ராத்திரியே பொறுக்கி வைத்திருந்தவை. மண்ணெண்ணெய் அடுப்பில் சூடாக்கிய பற்றவைப்புக் கோலால் ஈயத்தைச் சும்மா தொட்டு, இரண்டையும் பூச்சியின் காலில் ஒட்டவைத்தாள். சுவிட்சைப் போட்டாள். நெல்லுக்கு எத்தனை முறை உரம் போட வேண்டும் என்று விவசாயக்காரர் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விசில் இல்லை. அடைக்கலசாமி கையை ஆட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

லூசி கண்டென்சர்களைப் பிய்த்து எடுத்தாள். கிய்ய்ய்...

அடைக்கலசாமி சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, மகள் வைத்த ஈயப்பற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவு, பனித்துளி மாதிரி. மகன் வெட்டின இடம் மட்டும் எலி கடித்ததுபோல் இருந்தது.

"நல்ல வேல" என்றார் கடைசியில். "ஒர்க்‌ஷாப்ல எங்க சார்கூட இப்படிப் பத்தவைக்க மாட்டாரு. நீ சொன்னது சரிதான் பிள்ள."

லூசி குனிந்து கண்டென்சர் கால்களை நேராக்கினாள். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம்! கட்டிலுக்கு அடியில் அவளுடைய டிரங்குப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. துணிகளுக்கு அடியில் கேம்பல் பே கப்பலுக்கு டெக் டிக்கெட் கிடந்தது. சாயங்காலம் கப்பல். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களைக் குடியேற்றிய அந்தக் கடைக்கோடி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு சயின்ஸ் டீச்சர் வேண்டுமென்றார்கள், போகிறேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் தெரியாது. சாவி கைக்கு வந்தால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று காலையில்கூட நினைத்திருந்தாள்.

"அப்ப சாவி?" என்றாள்.

அடைக்கலசாமி அவளைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டையும் நல்லா வச்சுப் பத்தவச்சிரு. பூட்டி நான் கொண்டுபோறேன். அவன் உக்காந்து போடட்டும். அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"என்னது தெரிய வேண்டாம்?"

"நீ போட்டது. அவன் பிடுங்குனதுனாலதான் எரிஞ்சுதுங்கிறது." குரல் தணிந்து கெஞ்சலாகியது. "ராஜமாணிக்கம் அண்ணாச்சி வாறாவ ஏட்டி. தங்கச்சி செஞ்சு குடுத்து, தங்கச்சி ரிப்பேர் பண்ணி, மாப்பிள்ள சும்மா உக்காந்திருக்கான்னு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாவளா? அவனுக்கு வேற என்னட்டி இருக்கு? உனக்குப் படிப்பு இருக்கு. நீ எங்க போனாலும் பொழைச்சுக்கிடுவ."

"எங்க போனாலுமா?"

"ஆமா."

"பாட்டு மந்தமா இருக்குன்னு அடுத்த வாரம் அவன் திரும்பவும் பிடுங்குவான்."

"அப்ப நீ திரும்பவும் போட்டுரு. ராத்திரி அவன் ஒறங்கும்போது எடுத்துத் தாறேன்."

அம்மா ஓடிவந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவுதானட்டி? அப்பாதான் ஒத்துக்கிட்டாவள்ல. நம்ம மூணு பேருக்குத் தெரிஞ்சா போதாதா? பத்தவச்சுக் குடுத்துரு என் ராசாத்தி."

ரேடியோவில் விவசாயம் முடிந்து பாட்டு தொடங்கியிருந்தது. லூசி அதை அணைத்துத் தோல் உறையைப் போட்டுப் பொத்தானை மாட்டினாள். அவளுக்குக் கோபம் வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அப்பா சொன்னது பொய்யென்றால் கத்தியிருப்பாள். உண்மை என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தானே ஒளித்துவைக்கச் சொல்கிறார். இனி எந்த ரேடியோவைக் கொண்டுவந்து எதை நிரூபிப்பது?

கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தாள். தகரம் பலகைத் தரையில் உரசிய சத்தத்தில் அம்மா கையை விட்டுவிட்டாள்.

"இது என்னட்டி?"

"கேம்பல் பே பள்ளிக்கூடத்துல வேல. சாயங்காலம் கப்பல்."

"யாரக் கேட்டு?" என்று அடைக்கலசாமி எழுந்தார். "ஏட்டி! இன்னைக்குக் கொடியேத்தம்!"

கரண்டு வந்தது. வீட்டு பல்பு மினுக்கி எரிந்தது. அதே நேரம் கோயில் பக்கத்துத் தென்னைகளிலிருந்து கரகரப்போடு செபஸ்தியானின் குரல் ஹாடோ முழுக்கப் பரவியது. மைக் நேரே ஆம்ப்ளிஃபயருக்குப் போவது, அதில் ஒரு பிசகும் இல்லை. "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... அப்பா, பெட்டியக் கொண்டு வாங்க. அண்ணாச்சி வந்துட்டாவ. பெட்டி... சீக்கிரம்..."

ஊரே கேட்டது. நமிதாதிகூட வேலிக்கு வந்துவிட்டாள். அடைக்கலசாமி பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"பத்தவச்சுக் குடுத்துட்டாவது போ. எரிஞ்சு போயிருமேட்டி..."

லூசி அவருடைய உள்ளங்கையைப் பிடித்து விரித்தாள். இரண்டு கண்டென்சர்களையும் அதில் வைத்து விரல்களை மூடினாள்.

"எங்க போடணும்னு அண்ணனுக்குத் தெரியும்ப்பா. அவன்தான பிடுங்குனான். கொண்டுபோயி, ஏன் போடணும்னு சொல்லிக் குடுங்க. அவனே போடட்டும்."

ரேடியோவை வேலிக்கு மேலாக நமிதாதியிடம் நீட்டினாள். நமிதாதி டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள். மேட்டுப் பாதை சேறும் சரளையுமாக இறங்கியது. ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் ஜெட்டி. பின்னால் அம்மா பெயர் சொல்லி அழைப்பது கேட்டது. அதற்கும் மேலே தென்னையிலிருந்து அண்ணன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்: "அப்பா... பெட்டி எங்கப்பா..."

லூசி டிரங்குப் பெட்டியை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு ஜெட்டிப் பக்கம் இறங்கினாள்.